கெண்டைக்கால் கனத்தில் ஒரு டாப்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி சுருக்கமாக இது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கடலூர் முதுநகர்ப் பக்கம் பழைய இரும்புக் கடை ஒன்றில் கெண்டைக்கால் கனத்துக்கு ஒரு டாப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) கிடப்பதைப் பார்த்திருக்கிறார். அதன் ஷேங்கில், அதாவது பிடிக்கும் தண்டில், 'எம் 100 × 6, ஹெச்.எஸ்.எஸ்.' என்று பொறித்திருக்கிறது. விட்டம் 100 மி.மீ., பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 6 மி.மீ., உலோகம் ஹை ஸ்பீடு ஸ்டீல் என்று பொருள். இவ்வளவு பெரிய டாப்பை யார், எங்கே பயன்படுத்துவார்கள், தன்னிடம் இருக்கும், 50 மி.மீ. வரை துளை போடும் ரேடியல் டிரில் மிஷினில் அதை ஓட்ட முடியுமா, வாங்கிப் போட்டால் வேலை வருமா என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரேடியலில் அது ஓடாது. அதை நம்பித் தேடி வரும் வேலையும் அபூர்வம். ஆனால் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தால், சில விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு வாங்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால், எம்-100 மட்டுமில்லை, நாளைக்கு யார் எந்தப் பெரிய மரை வேலையைக் கொண்டுவந்தாலும் எடுக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. கடையில் கிடப்பது டாப்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொறிப்பு தெளிவாக இருந்தால் சந்தேகமில்லை. ஆனால் பழைய இரும்புக் குவியலில் டாப் மாதிரியே தெரியும் சாமான்கள் நிறைய உண்டு. மரை இருக்கிறது, நீளவாக்கில் ஃப்ளூட் (சுருள் வெளியேறும் பள்ளம்) இல்லை என்றால் அது திரெட் பிளக் கேஜ். மரையைச் சோதிக்கும் அளவுகோல் அது, எதையும் வெட்டாது. நடுவில் துளையும் சாவிக்காடியும் இருந்து, முன்பக்கப் பற்கள் சரிவாகத் தேயாமல் எல்லாப் பல்லும் முழு உயரத்தில் இருந்தால் அது கியர் வெட்டும் ஹாப். ஷெல் டாப்புக்கும் நடுவில் துளை உண்டு, ஆனால் அதற்கு முன்பக்கச் சரிவு கட்டாயம் இருக்கும். நிறையப் பேர் ஏமாறுவது வார்ம் வீல் ஹாப்பில்தான். அதில் ஒரு வகை ஷேங்கோடு வரும், முன்பக்கம் சரிவாகவும் இருக்கும், பார்த்தால் அசல் டாப். பல்லின் கோணத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி, விட்வொர்த் என்ற பழைய அங்குல மரைக்கு 55. வார்ம் ஹாப்பின் பல் அதைவிடச் செங்குத்தாக, 29 டிகிரியிலோ 40 டிகிரியிலோ நிற்கும். பையில் ஒரு பிட்ச் கேஜ் போட்டுக்கொண்டு போனால் ஒரு நிமிட வேலை.

ஹெச்.எஸ்.எஸ். என்று பொறித்திருப்பதையும் சோதித்துப் பாருங்கள். கையில் பிடிக்கும் கிரைண்டரில் லேசாகத் தொட்டால், ஹெச்.எஸ்.எஸ்.ஸின் பொறி மங்கிய சிவப்பாக, குட்டையாக, நுனியில் பூ விரியாமல் போகும். சாதாரணக் கார்பன் ஸ்டீல் என்றால் வெளுத்த மஞ்சளில் கொத்துக் கொத்தாகப் பூ விரியும். ஆனால் ஷேங்கில் தொட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பெரிய டாப்களில் வெட்டும் பகுதி மட்டும் ஹெச்.எஸ்.எஸ்.ஸாகவும், ஷேங்க் வேறு ஸ்டீலில் வெல்ட் செய்ததாகவும் இருப்பது உண்டு. முன்முகத்தில், பல்லுக்குச் சேதம் வராத இடத்தில் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். டாப்பைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அதன் பருமன்தான். ஆனால் மிஷினைத் திணற வைப்பது பருமனைவிட பிட்ச். ஒரு சுற்றில் டாப் எவ்வளவு உலோகத்தைப் பிடுங்குகிறது என்பது மரைக் காடியின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பிட்ச் இரண்டு மடங்கானால் காடி ஆழத்திலும் இரண்டு மடங்கு, அகலத்திலும் இரண்டு மடங்கு, ஆகப் பரப்பு நான்கு மடங்கு. விட்டம் இரண்டு மடங்கானால் முறுக்கு விசை இரண்டு மடங்குதான் கூடும். அதாவது பிட்ச்சின் வர்க்கத்தை விட்டத்தால் பெருக்கினால் டாப் கேட்கும் முறுக்கு விசையின் தராதரம் கிடைத்துவிடும்.

நீங்கள் தினமும் போடும் எம்-10ஐ எடுத்துக்கொள்வோம். பிட்ச் 1.5. எம்-100க்கு பிட்ச் 6, நான்கு மடங்கு. வர்க்கம் எடுத்தால் 16. விட்டம் 10 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 160. சின்னக் கைப்பிடியில் எம்-10 போடும்போது உங்கள் மணிக்கட்டு கொடுக்கும் பலத்தைப் போல 160 மடங்கு! மைல்ட் ஸ்டீலில் ஒரே டாப்பாக ஓட்டினால், வெட்டும் விசையும் உராய்வும் சேர்ந்து 1,500 முதல் 2,000 நியூட்டன் மீட்டர் வரை போகும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 150, 200 கிலோவைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

இதே கணக்கை வேறு டாப்களுக்குப் போட்டுப் பாருங்கள். 4 அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் பைப்) மரையின் வெளிவிட்டம் 113 மி.மீ. எம்-100ஐவிடப் பெரியது. ஆனால் அங்குலத்துக்கு 11 மரை, பிட்ச் 2.309 மி.மீ.தான். கணக்குப் போட்டால் எம்-100 கேட்பதில் ஆறில் ஒரு பங்கு முறுக்கு விசை போதும். (நேர் மரைக்குத்தான் இந்தக் கணக்கு. டேப்பர் பைப் டாப்பில் ஒரே நேரத்தில் எல்லாப் பல்லும் வெட்டுவதால் இன்னும் கூடும்.) இந்தப் பக்கம் 4 அங்குல விட்வொர்த் டாப்பைப் பாருங்கள். விட்டம் 101.6 மி.மீ., கிட்டத்தட்ட அதே பருமன். ஆனால் அங்குலத்துக்கு 3 மரைதான், பிட்ச் 8.47 மி.மீ. அது எம்-100ஐப் போல இரண்டு மடங்கு பலம் கேட்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மிஷினில் மாட்டும்போதுதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் தெரியும்.

விட்வொர்த்தை வெறும் உதாரணத்துக்காகச் சொல்லவில்லை. ஜோசப் விட்வொர்த் அந்த மரை அளவுகளை முன்வைத்தது 1841இல். மெட்ரிக் மரைக்கு ஐரோப்பாவில் பொது அளவு முடிவானது 1898இல், சூரிச் மாநாட்டில். நம் பக்கத்துப் பழைய ஆலைகள் பலவும் இங்கிலாந்து இயந்திரங்களோடு ஆரம்பித்தவை. அதனால் கடலூர், புதுச்சேரி, நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் பெரிய டாப் கிடைத்தால் அது அங்குல டாப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பொறிப்பு அழிந்திருந்தால் வெளிவிட்டத்தை மட்டும் அளந்துவிட்டு எம்-100 என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தேய்ந்த 4 அங்குல டாப்புக்கும் எம்-100க்கும் வெர்னியரில் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.கூட வராது.

இப்போது உங்கள் ரேடியலைப் பார்ப்போம். மோட்டார் குதிரைத்திறன் போதாது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் சிக்கல் அங்கே இல்லை. எம்-100 டாப்பை நிமிடத்துக்கு 5 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட்டினால் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 16 சுற்றுதான் சுற்ற வேண்டும். 1,800 நியூட்டன் மீட்டரை 16 சுற்றில் கொடுக்க 3 கிலோவாட், அதாவது 4 குதிரைத்திறன் போதும். ஆனால் பல ரேடியல் டிரில்களில் மிகக் குறைந்த வேகமே 30, 40 சுற்றில்தான் ஆரம்பிக்கும். 40 சுற்றில் அதே விசைக்கு 10 குதிரைத்திறன் தேவை. அதைவிட முக்கியம், ஸ்பிண்டிலும் கியரும் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும். 50 மி.மீ. டிரில் ஓட்டுவதற்காகக் கட்டிய மிஷின் அந்த டிரில்லுக்குக் கொடுப்பது சில நூறு நியூட்டன் மீட்டர்தான். அதனிடம் நான்கைந்து மடங்கு கேட்டால் ஒன்று கிளட்ச் வழுக்கும், இல்லை கியரின் பல் போகும், இல்லை ஜாப் (வேலை நடக்கும் பொருள்) கிளாம்பைப் பிய்த்துக்கொண்டு சுற்றும். மூன்றாவதுதான் ஆபத்தானது, ஆளை அடித்துவிடும். உங்கள் மிஷினில் ஸ்டீலில் எம்-36 வரை தைரியமாகப் போடலாம். பதமான ஸ்டீல், நல்ல டாப், நல்ல ஆயில் என்றால் எம்-42. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

துளை போடுவதும் லேசான விஷயமில்லை. விட்டத்தில் பிட்ச்சைக் கழித்தால் டாப் டிரில் அளவு வரும். 100இல் 6 போனால் 94 மி.மீ. டேப்பர் ஷேங்க் டிரில்லில் 94 மி.மீ. என்றால் ஷேங்கின் கூம்பு அளவு மோர்ஸ் டேப்பர் எண் 6. உங்கள் ஸ்பிண்டிலில் அது உட்காராது. 50 வரை டிரில் போட்டு, மீதியைப் போரிங் பாரால் (துளையைப் பெரிதாக்கும் டூல் கட்டிய தண்டு) திறக்க வேண்டும். அந்தத் துளைக்குத் தர அளவில் 93.505இலிருந்து 94.305 வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். துளை எல்லைக்குள் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு டாப்புக்குச் சுமை குறையும். நான் 94.2ஐக் குறிவைத்துத்தான் போரிங் செய்யச் சொல்வேன். மரையின் பலத்தில் அதனால் சொல்லிக்கொள்ளும்படி குறைவு வராது, டாப்பின் ஆயுசு கூடும்.

அப்படியானால் இதையெல்லாம் கையால்தான் போட்டார்களா? ஆமாம், போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். ஜாப்பை மிஷினுக்குக் கொண்டுவர முடியாத இடத்தில் வேறு வழி குறைவு. பெரிய டாப்பின் நிஜமான வேலையே அங்கேதான்.

வானூர் பக்கம் கல் கிரஷர்கள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு ஜா கிரஷரின் ஃப்ரேமில் எம்-56 மரை மொத்தமாகக் கிழிந்துபோய்க் கூப்பிட்டிருந்தார்கள். ஃப்ரேம் வார்ப்பு ஸ்டீல், இடத்தைவிட்டு அசைக்க முடியாது. அடுத்த அளவான எம்-64க்குப் போவது என்று முடிவு செய்தோம். எம்-64க்கு டாப் டிரில் 58 மி.மீ. பழைய மரையின் வெளிவிட்டமே 56தான். அதனால் 58க்குத் திறந்தாலே கிழிந்த மரை தடம் இல்லாமல் போய்விடும், புது மரைக்கு முழு உலோகம் கிடைக்கும். போர்ட்டபிள் போரிங் பாரை ஃப்ரேமிலேயே கட்டித் துளையைத் திறந்தோம். பிறகு மூன்று டாப் கொண்ட செட். முதல் டாப் மரையின் உயரத்தில் ஒரு பங்கை வெட்டும், இரண்டாவது ஆழமாக்கும், மூன்றாவது முழு வடிவத்துக்குக் கொண்டுவரும். சுமை மூன்றாகப் பிரிகிறது என்பதுதான் இதில் விசேஷம். எம்-64ஐ ஒரே டாப்பில் போட 1,000 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வேண்டும் என்றால், செட்டாகப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் 400 அளவில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கைப்பிடி, பக்கத்துக்கு ஓர் ஆள் 20 கிலோ தள்ளினால் போதும். அது மனிதனால் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை.

கஷ்டம் தள்ளுவதில் இல்லை, நேராக நிறுத்துவதில். டாப்பின் பின்முனையில் சென்டர் துளை ஒன்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. போரிங் பாரின் தாங்கியிலேயே ஒரு சென்டரைப் பொருத்தி, அந்தத் துளையில் உட்கார வைத்து, டாப் இறங்க இறங்க சென்டரையும் கூடவே இறக்கிக்கொண்டு போனோம். முதல் மூன்று மரை நேராக விழுந்துவிட்டால் அப்புறம் டாப் தன் வழியில் தானே போகும். முதல் மரை சாய்ந்தால் பின்னால் எதைச் செய்தும் நிமிர்த்த முடியாது, ஸ்டட் (தலையில்லாத போல்ட்) கோணலாகத்தான் நிற்கும்.

கால் சுற்று முன்னே, சுருள் அறுபடும் வரை பின்னே, மறுபடி கால் சுற்று. 6 மி.மீ. பிட்ச்சில் வரும் சுருள் கத்திபோல் கனமாக இருக்கும். அதைக் கையால் இழுக்கவே கூடாது, பிரஷ்ஷும் காந்தமும்தான். எண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும். ஸ்டீலுக்கு கந்தகம் கலந்த கட்டிங் ஆயில் நல்லது. கைவசம் இல்லாதபோது விளக்கெண்ணெய் வைத்து ஒப்பேற்றுகிற பட்டறைகளும் உண்டு, கையால் மெதுவாகப் போடும் வேலைக்கு அது மோசமில்லை. சாம்பல் வார்ப்பு இரும்பு என்றால் வறண்டே வெட்டலாம், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். எண்ணெய் வற்றினால் கைப்பிடியில் முதலில் ஒரு நடுக்கம் தெரியும், பிறகு துளைக்குள்ளிருந்து கிறீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓர் ஆளைச் சேர்த்துத் தள்ளுவோம் என்று போனால் பல் உதிரும். உதிர்ந்த பல் துண்டு மரைக்குள் மாட்டிக்கொண்டால் டாப் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

எம்-100ஐ இப்படிக் கையால் போட, செட்டாக இருந்தால் நான்கு ஆளும் ஒன்றரை மீட்டர் கைப்பிடியும் வேண்டும். பத்துக் கிலோவைத் தாண்டும் டாப்பைத் தாங்க மேலே ஒரு செயின் புல்லியும் வேண்டும். நீங்கள் பார்த்தது ஒற்றை டாப்பா, செட்டில் ஒன்றா? இதைக் கட்டாயம் பாருங்கள். செட் டாப்பின் ஷேங்கில் வளையம் வெட்டியிருப்பார்கள். ஒரு வளையம் முதல் டாப், இரண்டு வளையம் இரண்டாவது, கடைசி டாப்பில் பெரும்பாலும் வளையம் இருக்காது. முதல் டாப் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதைக்கொண்டு முழு மரை போடவே முடியாது, ஏனென்றால் அதன் பற்களே அளவு குறைவாகத்தான் இருக்கும். கடைசி டாப் மட்டும் கிடைத்தால் அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது, சொல்கிறேன்.

யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டீர்களே. நம் பக்கத்திலேயே, கடலூர் மாவட்டத்தில், பெரிய உதாரணம் நெய்வேலி. 1962இல் முதல் 50 மெகாவாட் யூனிட்டோடு அங்கே அனல் மின் உற்பத்தி தொடங்கியது. நீராவி டர்பைனின் மேல்மூடியையும் கீழ்ப்பகுதியையும் இறுக்கிப் பிடிப்பவை பெரிய ஸ்டட்கள். அவற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். அதற்குள் ஹீட்டர் கம்பியை விட்டு ஸ்டட்டைச் சூடேற்றுவார்கள். அது நீளும், நீண்ட நிலையில் நட்டைக் கணக்கிட்ட கோணத்துக்குத் திருப்பி வைப்பார்கள், ஆறும்போது சுருங்கி மூடியைக் கவ்விக்கொள்ளும். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீட்சி இருந்தால் போதும், அரை மீட்டர் ஸ்டட்டில் முக்கால் மி.மீ. எந்த ஸ்பேனராலும் கொடுக்க முடியாத இறுக்கத்தை அந்த முக்கால் மி.மீ. கொடுத்துவிடும். ஓவர்ஹாலில் ஸ்டட்டைக் கழற்றியதும் கேஸிங்கின் (டர்பைன் கூட்டின்) மரைகளில் கருகிய ஆக்ஸைடு படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்க அதே அளவு டாப்பை ஒருமுறை மெதுவாக ஓட்டுவார்கள். உலோகத்தை வெட்டாமல் அழுக்கை மட்டும் எடுப்பதால் கையாலேயே சுற்றலாம். செட்டின் கடைசி டாப்புக்கு உபயோகம் உண்டு என்றேனே, அது இதுதான்.

ஆனால் கவனியுங்கள். டர்பைன், உயர் அழுத்தக் கலன், பெரிய ஃப்ளாஞ்ச் போன்ற இடங்களில் விட்டம் எவ்வளவு பெரிதானாலும் பிட்ச்சைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. மெட்ரிக்கில் 4 மி.மீ., அங்குலத்தில் 8 மரை என்று ஒரே அளவில் நிறுத்திவிடுவது வழக்கம். ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட ஃப்ளாஞ்ச் ஸ்டட்கள் எல்லாமே அங்குலத்துக்கு 8 மரைதான், கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மரை சிறிதானால் அதே பருமனில் ஸ்டட்டின் மரையடி விட்டம் பெரிதாகக் கிடைக்கும், இறுக்குவதும் துல்லியமாக இருக்கும், மரை போடுவதும் சுலபம். எம்-100 × 4 கேட்பது எம்-100 × 6 கேட்பதில் பாதிக்கும் குறைவான விசை. அதனால் உங்கள் கண்ணில் பட்ட 6 பிட்ச் டாப் அந்த வகை வேலைக்கு உதவாது. கரடுமுரடான கனரக வேலைக்கான அளவு அது. பெரிய ஹைட்ராலிக் பிரஸ்ஸின் தூண் நட், கிரஷர், அடித்தள போல்ட் என்று அந்த வரிசையில்தான் வரும்.

ரயில்வேயில் வேறொரு விதம். நீராவி எஞ்சின் பாய்லரில் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்கள் இணைக்கும். இரண்டு தகட்டின் துளையிலும் மரை ஒரே தொடர்ச்சியாக ஓட வேண்டும், இல்லையென்றால் போல்ட் இரண்டாவது தகட்டில் ஏறாது. அதற்காகவே இரண்டு மூன்று அடி நீளத்தில் ஸ்டே டாப் செய்தார்கள். முன்னால் ரீமர், அதை அடுத்து வெட்டும் மரை, பின்னால் வழிகாட்டும் மரை, எல்லாம் ஒரே கம்பியில். நீளத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் அங்குலத்துக்கு 11, 12 மரை என்பதால் சுமை குறைவு. 1928இலிருந்து இயங்கும் பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்த இடம். பாய்லர் வேலை தெரிந்தவர்களை இன்றும் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

காரைக்கால் பக்கம் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் கேஸிங் குழாய்களைப் பார்த்திருந்தால், 13⅜ அங்குலக் குழாயின் கப்ளிங்குக்குள் மரை எப்படி வந்தது என்று யோசித்திருப்பீர்கள். அந்த அளவுக்குத் திட டாப் செய்வது கட்டுப்படியாகாது. ஹெச்.எஸ்.எஸ்.ஸை 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி ஆறவைத்துப் பதமிட வேண்டும். கனம் கூடக் கூட விரிசலுக்கான பயமும் கூடும். அதனால் உடல் சாதாரண ஸ்டீல், சேசர்கள் என்ற கழற்றி மாட்டும் வெட்டுப் பற்கள் மட்டும் ஹெச்.எஸ்.எஸ். என்று பிரித்தார்கள். அதிலும் கொலாப்ஸிங் டாப் என்று ஒன்று உண்டு. ஆழம் வந்ததும் சேசர்கள் உள்ளே சுருங்கிக்கொள்ளும், திருப்பிச் சுற்றாமல் நேராக வெளியே இழுத்துவிடலாம். மரை கீறுவதும் இல்லை, நேரமும் பாதி மிச்சம். இப்போது குழாய் ஆலைகளில் பெரும்பாலும் சி.என்.சி. மிஷின்கள்தான்.

அப்புறம், உங்களிடமே இந்த எம்-100 வேலை வந்தால் என்ன செய்வீர்கள்? ஜாப் லேத்தில் சுற்றும் என்றால் டாப்பே வேண்டாம். பிரஸ் நட், மோல்டிங் மிஷினின் டை பார் நட், படகின் ப்ரொப்பெல்லர் நட், ஏரி மதகு ஷட்டரின் கன்மெட்டல் நட், எல்லாமே நான்கு தாடைச் சக்கில் பிடித்து, போரிங் பாரில் திரெடிங் டூல் கட்டி வெட்டுகிற வேலைகள்தான். ஷட்டர் திருகுக்குப் பெரும்பாலும் சதுர மரை வரும், அதற்கு லேத்தே மேல். 6 பிட்ச்சின் உள்மரை ஆழம் 3.25 மி.மீ. 25, 30 பாஸில் எடுத்துவிடலாம். டூல் கோணத்தைச் சரியாகத் தீட்டி, அரை கோணத்தில் சாய்த்து ஊட்டினால் அதிர்வு வராது. நட்டை ஏற்றிப் பார்ப்பதற்கு எதிர்ப் போல்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள், எம்-100க்கு கேஜ் வாங்குவது வீண் செலவு.

ஜாப் சுற்றாது, ஆனால் மிஷின் டேபிளில் ஏறும் என்றால், சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ வி.எம்.சி. (கணினி வழி ஓடும் செங்குத்து மில்லிங் மிஷின்) வைத்திருப்பவரிடம் திரெட் மில்லிங்குக்குக் கொடுங்கள். 40 மி.மீ. கட்டர் ஒன்று துளைக்குள் வட்டமடித்துக்கொண்டே ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. மேலே ஏறும். வலது மரைக்குக் கீழிருந்து மேலாக ஜி03இல் (இடஞ்சுழி வட்டக் கட்டளை) ஓட்டினால் பரப்பு வழவழப்பாக வரும். 40 மி.மீ. ஆழ மரைக்கு ஒற்றைப் பல் வரிசைக் கட்டர் ஏழு சுற்று போனால் ஒரு பாஸ் முடிந்தது. ஒரே கட்டரில் எம்-64 முதல் எம்-100 வரை, 6 பிட்ச் உள்ள எதையும் போடலாம். கட்டர் உடைந்தாலும் ஜாப் பிழைத்துக்கொள்ளும், துளையைவிட அது சிறியதாயிற்றே. டாப் உடைந்து உள்ளே மாட்டினால் ஸ்பார்க் எரோஷனில் அரித்துத்தான் எடுக்க வேண்டும், அந்தச் செலவில் ஒரு புது ஜாப்பே வந்துவிடும். பெரிய டாப்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்வதற்கு முக்கியக் காரணம் இந்தத் திரெட் மில்லிங்தான்.

ஆக, ஜாப் லேத்திலும் ஏறாது, மில்லிங் டேபிளிலும் ஏறாது, 6 பிட்ச்சில் எம்-100 வேண்டும் என்று வரும்போதுதான் அந்த டாப்புக்கு வேலை. அப்படி ஒரு வேலை வந்தால் புது டாப் கடையில் உடனே கிடைக்காது. சென்னை பாரிமுனையில்கூட ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். கிரஷர்காரரோ ஆலைக்காரரோ மிஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார். கையில் டாப் இருப்பவருக்குத்தான் அந்த வேலை.

அதனால் வாங்குவதாக இருந்தால் இப்படிப் பாருங்கள். முன்பக்கச் சரிவில் உள்ள ஒவ்வொரு பல்லையும் விரல் நகத்தால் தடவுங்கள். வழுவழுவென்று நகம் வழுக்கினால் மழுங்கியிருக்கிறது, அது பரவாயில்லை, டூல் அண்ட் கட்டர் கிரைண்டரில் தீட்டிக்கொள்ளலாம். சரிவுக்குப் பின்னால் உள்ள முழு மரைகளில் பல் உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள், அது மரையைக் கீறிக்கொண்டே வரும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஃப்ளூட்டின் அடியில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பூசி ஐந்து நிமிடம் பொறுங்கள். விரிசல் இருந்தால் சாக்கில் ஈரக் கோடு தெரியும். ஷேங்கின் சதுரம் உருண்டுபோயிருந்தால் யாரோ பைப் ரெஞ்ச் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குத் தனியாகக் கைப்பிடி செய்ய வேண்டியிருக்கும். எல்.ஹெச். என்று எங்காவது பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள், இடது மரை டாப் என்றால் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். லாரியில் ஏற்றும்போது மரப்பலகைமேல் படுக்க வையுங்கள், சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் பல் தெறித்துவிடும். சுத்தியலால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம், பதமிட்ட ஹெச்.எஸ்.எஸ். கண்ணாடிபோல் சிதறும்.

விலை விஷயத்தில், கடைக்காரருக்கு ஹெச்.எஸ்.எஸ். என்று தெரிந்திருந்தால் சாதாரண இரும்பு விலைக்குக் கொடுக்க மாட்டார். டங்ஸ்டன் கலந்த ஸ்டீல் என்பதால் ஸ்கிராப்பாகவே அதற்கு நல்ல விலை உண்டு. அந்த ஸ்கிராப் விலை வரைக்கும் கொடுக்கலாம், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் விற்றாலும் அதே விலை வரும். அதற்கு மேல் டாப் என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். செட்டின் மற்ற இரண்டும் அதே குவியலில் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். ஒற்றை டாப்பும் முழு செட்டும் ஒன்றில்லை, மேலே சொன்ன கைவேலைக் கணக்கில் நான்கு ஆளுக்கு அடங்கும் வேலை செட்டால் மட்டும்தான் ஆகும். நாளை மறுபடி கடைக்குப் போகும்போது வளையத்தை முதலில் பாருங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.